பக்கத்து வீட்டுக் கேள்வி

புதன்கிழமை

கடல் கடந்து போன பேராசிரியைக்கு, நோய்வாய்ப்பட்டதாகச் சொல்லப்படும் உன் கணவன் எழுதுவது.

நான் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நலமாக இல்லை என்று அங்கே உன் துறை முழுக்கப் பேச்சாக இருக்கிறது போலிருக்கிறது.

இன்று காலை கிளினிக்கைத் திறந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பூக்கடையிலிருந்து ஓர் ஆள் வந்து, கதவுக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பூங்கொத்து ஒன்றை நீட்டினார். கூடவே ஓர் அட்டை. உன் துறைத் தலைவர் அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறார். நான் விரைவில் குணமடைய வேண்டுமாம். இந்தக் கடினமான நேரத்தில் துறையே நம் குடும்பத்துக்குத் துணை நிற்கிறதாம். நர்ஸம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டர், உங்களுக்கு என்ன பண்ணுது? என்கிட்டகூட சொல்லலையே" என்று கண் கலங்கிவிட்டாள். பல்லைக் காட்ட நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர் மெதுவாக வாயை மூடிக்கொண்டார். எனக்கு என்ன நோய் என்று ஒரு வரி எழுதிப் போட்டாயானால், அதற்குத் தகுந்தபடி இருமவோ நொண்டவோ நானும் பழகிக்கொள்வேன்.

மதியம் நம் மகள் போன் செய்தாள். அம்மா அடுத்த மாதம் வருவதற்கு டிக்கெட் போட்டுவிட்டாளே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவளைத் துருவித் துருவிக் கேட்டதில்தான் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. உன் புத்தகத்துக்காகவே மாநாட்டில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களாம். அதே மேடையில், அந்தப் புத்தகம் தப்பு என்று கட்டுரை எழுதிய ஓர் இளம் ஆராய்ச்சிக்காரியும் உட்காரப் போகிறாளாம். அவளுக்குப் பக்கத்தில் உட்கார உனக்கு மனசில்லை. ஆகையால் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

இதுவரை கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் மகள் சொன்னதைக் கேட்டுத்தான் சிரிப்பு நின்றது. வந்ததும் வேலையை விட்டுவிடப் போகிறாயாம், இனி எழுதுவதாக இல்லையாம், பால்கனிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடப் போகிறாயாம். உன் கையில் பிழைத்த செடி ஒன்றைச் சொல் பார்ப்போம். நீ ஊரில் இல்லாத இந்த எட்டு மாதத்தில்தான் அவை நிம்மதியாகத் துளிர்விட்டிருக்கின்றன. அவற்றின் தலையில் மண்ணைப் போடாதே.

மேடம் அப்படி என்னதான் எழுதினாங்க என்று நர்ஸம்மா கேட்டாள். பஞ்சைக் கத்தரித்தபடியே அவளுக்கு விளக்கினேன். மேடம் சின்ன வயதில் தேர்தல் முடிந்த கையோடு தெருத் தெருவாகப் போய் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்பார். யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சிலர் மேடத்தின் முகத்தைப் பார்த்து, இவளுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வார்கள். சிலர் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு நாள் அலுத்துப்போய், சரி, உங்கள் பக்கத்து வீட்டில் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், கொட்டிவிட்டார்கள். அதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பத்திரிகைகள் அத்தனையும் கோட்டை விட்ட தேர்தலில் மேடத்தின் கணக்கு மட்டும் சரியாக இருந்தது. ஓட்டு என்பது தனி ஆளின் முடிவல்ல, ஜன்னலுக்கு ஜன்னல் பேசிப் பேசித் தெருவே சேர்ந்து எடுக்கும் முடிவு, அதனால்தான் ஒருவர் மனசு அடுத்தவருக்குத் தெரிகிறது என்று மேடம் புத்தகம் எழுதினார். இன்று எந்த நாட்டில் அரசியல் படித்தாலும் அந்தக் கேள்வியைப் படிக்காமல் தேற முடியாது. இப்படிச் சொன்னேன். நர்ஸம்மா பெருமூச்சு விட்டு, "இவ்வளவுதானா? இதைத்தானே நாங்க தினமும் பண்றோம்" என்றாள். உன் மேடைக்கு இவளையும் கூப்பிட்டிருக்கலாம்.

வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, பிளம்பர் மறுபடியும் நாளைக்கு வருவதாகச் சொல்கிறார். நம் குடியிருப்புச் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது. ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜரும், மூன்றாம் மாடித் தண்ணீர்த்தொட்டி அக்காவும் செயலாளர் பதவிக்கு நிற்கிறார்கள். பெயர் வைத்தது நான்தான், தொட்டி நிரம்பாத நாளில் அவர் போடும் சத்தம் உனக்குத் தெரியுமே. லிஃப்டில் மடக்கிப் பிடித்து என் ஓட்டை வாங்கிக்கொண்டுவிட்டார். நானும் உங்களுக்கில்லாமல் வேறு யாருக்கு அக்கா என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்பு. நான் படிக்கும் வரை டிக்கெட்டை உறுதி செய்யாதே. உன் புருஷன் சாகக் கிடக்கிறான் என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, அவனுடைய இந்த ஒரு ஆசையையாவது நிறைவேற்று.

உன் அன்புள்ள,
பல் வைத்தியன்

*

செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய புரொபசருக்கு, பூரண குணமடைந்துவிட்ட கணவனின் வணக்கம்.

இதைத் தபாலில்தான் போடுகிறேன். ஈமெயிலில் அனுப்பினால் படித்த கையோடு பதில் அடிப்பாய், அடித்த பிறகுதான் யோசிப்பாய். போனில் சொன்னாலோ பாதியில் வெட்டிவிடுவாய். தபாலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, கடைசி வரி வரைக்கும் நான் மட்டும்தான் பேசுவேன்.

கட்டுரையைப் படித்துவிட்டேன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு ஈறு மரக்கும் வரை காத்திருப்போமே, அந்த இடைவெளிகளில் படித்தேன். அட்டவணைகளை முதலில் தாண்டிப் போனேன். தாண்டிப் போனால் ஒன்றும் புரியவில்லை என்று திரும்பி வந்து பென்சில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒருவருக்கு ஊசியின் வீரியமே இறங்கிப்போய் இன்னொன்று போட வேண்டியதாயிற்று. பாவம், உன் துறைக்காக அவரும் கொஞ்சம் வலி தாங்கியிருக்கிறார்.

நான் புரிந்துகொண்டது இது. அந்தப் பெண் உன் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய நகரத்தின் அடுக்குமாடிகளுக்குப் போயிருக்கிறாள். அங்கே அடுத்த வீட்டுக்காரர் முகம்கூட ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் எல்லாரும் பதில் சொல்லியிருக்கிறார்கள், கூட்டிப் பார்த்தால் கணக்கும் சரியாக வந்திருக்கிறது. இது எப்படி என்று யோசித்து அவள் அடுத்த வேலையைச் செய்திருக்கிறாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிற வீடுகளாகத் தேடித் தேடிப் போய்க் கேட்டிருக்கிறாள். ஆள் இல்லாத வீட்டுக்கும் ஜனங்கள் தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். அப்போதும் கணக்கு சரி. ஆக, யாரும் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை. தன் மனசில் இருப்பதைத்தான் பக்கத்து வீட்டின் தலையில் வைத்துச் சொல்கிறார்கள் என்கிறாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பெண்டாட்டியைத் தப்பு என்று சொல்ல இவள் யார்? அதனால் இவள் சொல்வது பொய் என்று காட்டிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். நம் சங்கத் தேர்தல்தான் கையில் இருக்கிறதே. சாயங்காலங்களில் மாடிமாடியாக ஏறி இறங்கினேன். பல் டாக்டர் வீட்டுக்கே வந்தால் யாரும் சும்மா விடுவதில்லை. முதலில் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்கள், அதைப் பார்த்த பிறகு நான் என் கேள்வியைக் கேட்டேன். உங்கள் பக்கத்து வீட்டில் யாருக்குப் போடுவார்கள்? அநேகமாக எல்லாரும் பேங்க் மேனேஜருக்கு என்றார்கள். அதே வாயால், தங்கள் ஓட்டு தண்ணீர்த்தொட்டி அக்காவுக்குத்தான் என்றும் சொன்னார்கள். அக்காவின் குரலுக்கு அவ்வளவு மதிப்பு.

இதை நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கருவிகளைக் கொதிநீரில் போட்டபடி, "உங்க பக்கத்து வீட்டுல யாருக்குப் போடுவாங்க டாக்டர்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். பேங்க் மேனேஜருக்குத்தான், அந்த அம்மா வந்தால் காது போய்விடுமே என்று நானும் பட்டென்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நம் பக்கத்து வீடு போன வருடத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. யாரும் இல்லை. பூட்டுகூடத் துருப்பிடித்துவிட்டது.

அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று நிரூபிக்கப் போனவன், அவள் கட்டுரையில் ஒரு வரியாக மாறி நிற்கிறேன். நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் கருவித் தட்டு கீழே விழுந்தது.

ஆகையால் சொல்கிறேன், கோபித்துக்கொள். அந்தப் பெண் சொல்வது சரி. புத்தகத்தில் நீ சொன்ன காரணம் தப்பு.

இதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வேறு யாராவது உன்னிடம் இதைச் சொல்லிவிடட்டும், நாம் நல்லபிள்ளையாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கே உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் உனக்குப் பூங்கொத்து அனுப்புகிறவர்கள். சொல்ல வேண்டியவன் நான்தான்.

இப்போது நான் கேட்கிறேன், இதில் உனக்கு என்ன குறைந்து போயிற்று? கேள்வி உன்னுடையது. அது இன்னும் நிற்கிறது, முன்னைவிட உறுதியாக நிற்கிறது. ஜனங்கள் ஏன் உண்மையைச் சொன்னார்கள் என்பதில்தான் தவறிவிட்டாய். பயந்து கிடக்கிறவர்களுக்கு மனசில் உள்ளதைச் சொல்ல நீ ஒரு மறைவு கட்டிக் கொடுத்தாய். அது மறைவு என்று தெரியாமலே கட்டினாய், அவ்வளவுதான். அந்தக் கட்டுரையில் உன் பெயர் வராத பக்கம் ஒன்றையாவது காட்டு. முதல் வரியே உன் புத்தகம்தான். உன்னை வெறுக்கிற ஒருத்தி பூட்டிய வீடுகளைத் தேடி வெயிலில் அலைய மாட்டாள். உன் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள்தான் அலைவாள்.

இன்னொன்று. நீ துறைத் தலைவரிடம் என்ன சொன்னாய்? எனக்கு மேடை ஏறப் பயமாக இருக்கிறது, மனசு சரியில்லை என்றா சொன்னாய்? என் கணவருக்கு உடம்பு சரியில்லை என்றாய். உனக்கு வந்ததைத் தூக்கிப் பக்கத்தில் இருப்பவன்மேல் போட்டாய். அந்தப் பெண்ணுக்கு இது மட்டும் தெரிந்தால் கட்டுரையில் இன்னும் ஒரு பத்தி சேர்த்திருப்பாள்.

மாநாட்டுக்குப் போ. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார். நான் தப்பு என்று சொல். அதன் பிறகு என்ன ஆனாலும் வீட்டுக்கு வா, செடிகளைக் கொன்றாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் இப்போது, ஓடி வருகிறவளாக வராதே. நீ ஓடி வந்து நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் வேண்டாம்.

பிளம்பர் இன்னும் வரவில்லை.

உன்,
ஓட்டு மாறியவன்

*

ஞாயிற்றுக்கிழமை

என் புரொபசரம்மாவுக்கு,

உன் நீளமான கடிதம் நேற்று வந்தது. இத்தனை வாரமாக நீ என்னோடு பேசாமல் இருந்ததற்கு அது ஈடு செய்துவிட்டது. நடுவில் ஒரு நாள் போன் செய்து, "படிச்சேன்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு வைத்தாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதியது அதிகப்பிரசங்கித்தனமோ என்று நினைத்து நினைத்து, ஒரு நாள் நல்ல பல்லைப் பிடுங்கப் பார்த்தேன். நர்ஸம்மா கையைத் தட்டிவிட்டாள்.

மாநாட்டைப் பற்றி நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன், ஒரு தடவை நர்ஸம்மாவுக்காகச் சத்தம் போட்டு. அரங்கம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, பேச எழுந்ததும் முதல் வார்த்தையாக, காரணம் சொன்ன என் நான்காம் அத்தியாயம் தவறு என்று சொன்னாயாமே. சண்டைக்கென்று தயாராகக் காகிதம் காகிதமாக எழுதிக்கொண்டு வந்திருந்த அந்தப் பெண், எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டாளாம். பிறகு, பதினேழு வயதில் ஒரு நூலகத்தில் ஒதுங்கி உன் புத்தகத்தைப் படித்ததால்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்று சொல்லி அழுதாளாம். நீயும் அழுதாயா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். பரவாயில்லை, எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்து சொன்னதை நீ எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவர் கலவரம் நடந்த ஊருக்குப் போய், யாரும் வாய் திறக்காத இடத்தில் உன் கேள்வியால் பேச வைத்திருக்கிறார். ஓட்டு என்றாலே ஆண்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் பெண்களிடம் ஒரு மாணவி அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிக் கேட்டு, அவர்களுக்கென்று தனியாக ஓர் அபிப்பிராயம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு டாக்டர்கூட, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் போடுகிறாரா என்று கேட்கிறாராம். இவர்கள் யாரையும் நீ பார்த்ததில்லை. நீ இங்கே குக்கர் விசிலுக்கும் பரீட்சைத் தாளுக்கும் நடுவில் எழுதியதை இவர்கள் எங்கெங்கோ கொண்டுபோய் வாழ வைத்திருக்கிறார்கள். ஒரு அத்தியாயம் தப்பானதற்கு வேலையை விடுவதாவது!

சங்கத் தேர்தல் முடிந்துவிட்டது. பேங்க் மேனேஜர் அமோகமாக ஜெயித்தார். தண்ணீர்த்தொட்டி அக்காவுக்கு அவருடைய ஓட்டும், அவர் வீட்டுக்காரர் ஓட்டும், இன்னும் யாரோ ஒருவருடையதும் கிடைத்தன. எல்லாரும் எனக்குத்தான் போடுவதாகச் சொன்னார்களே என்று லிஃப்டில் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மாடிப்படியில் ஏறி வரப் பழகிக்கொண்டேன், உடம்புக்கும் நல்லதுதான். அந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்று குடியிருப்பே தேடிக்கொண்டிருக்கிறது. நான் இல்லை.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணும் நீயும் சேர்ந்து ஒரு புதுப் புத்தகம் எழுதப் போகிறீர்கள். அதற்கு நீ இன்னும் ஓராண்டு அங்கே இருக்க வேண்டும். அதன் பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, நம் தெருக்களிலேயே மறுபடி கேட்டுப் பார்க்கப் போகிறீர்கள். இதை எல்லாம் உற்சாகமாக எழுதிவிட்டு, கடைசியில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய். இப்படி மனைவி வெளியூரில் இருக்கிற வீடுகளில் எல்லாம் பொதுவாக எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ இப்படித்தான். எனக்குப் பசிக்கிறதா என்று கேட்க மாட்டாய், கிளினிக்கில் எல்லாரும் சாப்பிட்டாச்சா என்பாய். என் அப்பா போனபோதுகூட, இப்படி நேரத்தில் ஆண்கள் அழலாமில்லையா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாய். நானும் உனக்கு ஏற்றபடி, ஊரைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் பதில் சொல்லி ஓட்டிவிட்டேன். நம் இருவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஒன்பது மாதத்தில், வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. யார் தலையில் வைத்து என்ன சொல்வது?

அதனால் அந்த மாதிரி வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் மாட்டேன். நீ ஓராண்டு இருந்து முடித்துவிட்டு வா. அரைகுறையாக வராதே. இது என் முடிவு, இதற்கு எவனும் சாட்சி சொல்ல வேண்டாம். குழாய் சரியாகிவிட்டது, செடிகள் பூத்திருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு மகளுடைய அறையை ஒழித்துத் தருகிறேன். அவள் பல்லையும் இலவசமாகப் பார்த்துவிடுவதாகச் சொல், இந்த ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் இரண்டு பேரும் கேள்வித்தாளோடு இந்தத் தெருவுக்கு வரும்போது முதலில் நம் வீட்டு மணியை அடியுங்கள். அவள் கேட்க வேண்டாம், நீ கேள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், நிலைப்படியில் நின்றபடி, என் முகத்தைப் பார்த்து, "நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேள். வேறு யாரைப் பற்றியும் கேட்காதே. நான் உண்மையைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக எழுது.

உன் கணவன்